மலையிலிருந்து இறங்கும் இருவருக்கு எந்தத் தீவு?

குன்னூரில் மூன்று அறைகள் கொண்ட சிறிய காட்டேஜ் ஒன்றை நானும் மனைவியும் நடத்துகிறோம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் புதிதாகத் திருமணமானவர்கள். காலையில் இட்லி, மாலையில் தேநீரும் வர்க்கியும் கொடுப்போம். சிம்ஸ் பூங்காவுக்கு வழி சொல்வோம். டால்பின் நோஸில் மூடுபனி இறங்கியிருந்தால் "பத்து மணிக்கு மேல் போங்கள்" என்று நிறுத்திவைப்போம். மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காத கோபத்தையும் நாங்களே வாங்கிக்கொள்வோம். ஊரார் எல்லாரும் ஓய்வுக்கு வரும் இடத்தில் குடியிருப்பவர்களுக்கு, ஓய்வுக்கு எங்கே போவது என்பது பெரும்பாடு. குளிர், பள்ளத்தாக்கு, தேயிலை, காட்டெருமை எல்லாம் வாசலிலேயே இருக்கின்றன. காட்டெருமை சில நாள் வாசலுக்கு உள்ளேயும் வந்துவிடுகிறது. ஆகவே எங்கள் ஆசை எப்போதும் வெயில், உப்புக்காற்று, மீன் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும்.

2023 பிப்ரவரியில் அந்தமான் போனோம். 2024 ஆகஸ்டில் இலங்கை. நினைத்தபோது பஸ் பிடித்துப் போய்விடக்கூடிய ராமேசுவரம் எப்போதும் உண்டு. எங்களைப் போல மலையில் இருந்துகொண்டு தீவுக்கு ஏங்கும் தம்பதிகள் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். லட்சத்தீவையும் மாலத்தீவையும் ஆரம்பத்திலேயே கழித்துவிட்டோம். லட்சத்தீவுக்கு இந்தியர்களும் முன்அனுமதி வாங்க வேண்டும். கடலின் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் இருவரும் கால்போன போக்கில் நடந்து, கடைகடையாக ஏறிச் சாப்பிடுவதற்கான இடமல்ல. மாலத்தீவில் பெரிய விடுதிகள் பெரும்பாலும் தீவுக்கு ஒன்று. அறையைவிட்டு வெளியே வந்தாலும் அதே விடுதிக்குள்தான் நிற்போம். மூன்று அறைகளைப் பெருக்கித் துடைப்பவர்களுக்கு இன்னொரு விடுதிக்குள் அடைபடுவதில் என்ன இன்பம் இருக்கிறது?

தையா, ஆடியா

இடத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது மாதம். சித்திரை, வைகாசி எங்களுக்குச் சீசன். மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி, இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஏறிவரும் வண்டிகள் என்று மூச்சுவிட நேரமிருக்காது. பூஜை விடுமுறையில் இரண்டாம் சீசன். கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை அறை காலியிருக்காது. மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள்: பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு மாசி முடியும் வரை, பள்ளிகள் திறந்த பிறகு ஆனியும் ஆடியும்.

அந்தமானுக்குத் தையும் மாசியும்தான். அப்போது கடல் தெளிந்து கிடக்கும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் படகு ஓடுமா ஓடாதா என்பதைக் காலையில்தான் சொல்வார்கள். ஆடியில் அந்தமான் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த மலிவுக்குக் காரணம் இதுதான்.

இலங்கையின் சங்கதி வேறு. ஒரே தீவுக்கு இரண்டு மழைக்காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரை நனைகிறது. கொழும்பு, காலி, மிரிஸ்ஸ எல்லாம் அந்தப் பக்கம். அதே மாதங்களில் திருகோணமலை, பாசிக்குடா என்று கிழக்குக் கரை வெயிலில் காய்கிறது. கார்த்திகை, மார்கழியில் கிழக்கு நனையும். தை, மாசியில் தெற்கும் மேற்கும் பளிச்சென்று இருக்கும். நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடியில் கூடலூரில் கொட்டு கொட்டென்று கொட்டும்போது குன்னூரில் துணி காய்கிறது. ஐப்பசியில் குன்னூர் மண் இளகிச் சரியும்போது கூடலூரில் வெயிலடிக்கிறது. கூடலூரில் பிறந்த என் மனைவி இலங்கை வரைபடத்தைப் பார்த்ததும் "நடுவில் மலை இருக்கிறது, அவ்வளவுதானே" என்று மடித்துவைத்துவிட்டாள்.

ஆடியில் மட்டுமே கிளம்ப முடிகிறவர்களுக்குப் போட்டி இங்கேயே முடிந்துவிடுகிறது. இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போங்கள்.

போய்ச் சேருவது

கோயம்புத்தூரிலிருந்து அந்தமானுக்குச் சென்னையோ பெங்களூரோ போய் மாற வேண்டும். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இறங்கும் ஊருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அதற்கு முன் போர்ட் பிளேர். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது, நீல் தீவு ஷஹீத் தீவு ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப்பெயர், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர். பெயர்ப்பலகையில் உதகமண்டலம் என்றும் கண்டக்டர் குரலில் ஊட்டி என்றும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் குழப்பமில்லை.

விமானத்தோடு பயணம் முடிவதில்லை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுப் படகு மலிவு, அதற்கு இன்னும் கூடுதல் நேரமாகும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பேசிக்கொண்டே ஓட்டிக் கடப்பவன் நான். பின் இருக்கையில் வாந்தியெடுத்த விருந்தாளிகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துத் தேற்றியிருக்கிறேன். படகு துறைமுகத்தைத் தாண்டி இருபதாவது நிமிடத்தில், பணியாளர் நீட்டிய காகித உறையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்தவன் கரை வந்தபோதுதான் நிமிர்ந்தேன். மனைவி பக்கத்தில் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். "என் பாட்டி தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவள்" என்றாள், அதுவே போதுமான விளக்கம் என்பதுபோல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பும் படகு காற்றால் ரத்தானது. பணம் திரும்பிவர ஏழு வாரமும் பதினோரு தொலைபேசி அழைப்பும் ஆயின. கடைசி நாள் விமானத்துக்கும் படகுக்கும் நடுவில் ஓர் இரவு இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

இலங்கைக்கு நாங்கள் திருச்சியிலிருந்து ஏறினோம். கொழும்புக்கு ஒரு மணி நேரச் சொச்சம். கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை விமான நிலையம் பக்கம். யாழ்ப்பாணம் பார்க்க நினைப்பவர்களுக்குச் சென்னையிலிருந்து விமானம் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பலும் உண்டு. பாஸ்போர்ட்டும் இணையத்தில் வாங்கும் பயண அனுமதியும் தேவை. விசாக் கட்டண விதி அடிக்கடி மாறுவதால் அந்நாட்டு அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், முகவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பாஸ்போர்ட் தொல்லையைச் சேர்த்தால்கூட, குன்னூர் வாசலிலிருந்து கடற்கரை மணல் வரை கணக்குப் போட்டால் வெளிநாடான இலங்கை பக்கம். உள்நாடான அந்தமான் தூரம்.

கடல்

இதில் பேச்சே இல்லை, அந்தமான்தான்.

ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு மரங்களுக்கு நடுவே நடந்துபோகிறோம். பெரிய பெரிய மரங்கள், கீழே நிழல், எங்கள் ஊர்ச் சோலைக்காடுபோலவே ஈரவாசம். அந்த இருட்டின் முடிவில் திடீரென்று வெள்ளை மணலும் நீலமும். நீலம் என்று ஒரே சொல்லில் சொல்வதே தவறு. கரையோரம் பச்சிலைச் சாற்றில் தண்ணீர் கலந்ததுபோல, கொஞ்சம் தள்ளி மயில்கழுத்து, அதற்கப்பால் மைக்கூடு. நான் நீச்சல் தெரியாதவன். எங்கள் ஓடைகளில் முழங்காலளவு இறங்கினாலே எலும்பு வரை குளிர் ஏறும், எங்கே கற்றுக்கொள்வது? அந்தத் தண்ணீரில் கழுத்தளவு நின்றபோது, பல் கிட்டாமல் தண்ணீருக்குள் நிற்க முடிகிறது என்பதே அதிசயமாக இருந்தது.

நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கடலுக்கடியில் அழைத்துப்போகிறார். வாயால் மூச்சுவிடப் பழக்குவதற்கே கால்மணி நேரம். மூக்கை அடைத்துவிட்டு வாயில் குழாயைக் கவ்வக் கொடுத்ததும் பயத்தில் எழுந்து நின்றுவிட்டேன், இடுப்பளவுதான் தண்ணீர். மூன்றாம் முறை உள்ளே போனேன். ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீன் ஒன்று கடற்சாமந்தியின் விரல்களுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது. மறுபடி எட்டிப்பார்த்தது. வாடகைக்கு வந்த ஆளைச் சன்னல் வழியாகப் பார்க்கும் வீட்டுக்காரம்மாபோல. அதற்காக அந்தப் படகையும் மன்னித்தேன்.

இலங்கையில் ஆகஸ்டில் காலிக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கோட்டை மதிலில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. கிழக்கே திருகோணமலைக்கு வடக்கிலுள்ள நிலாவெளிக் கரை அமைதி. தட்டையான நீண்ட மணல், மெல்லிய அலை. எதிரே புறாத் தீவு, படகில் சிறிது நேரம். முகமூடி அணிந்து மிதந்தால் பவளப்பாறையும், பாக்கியமிருந்தால் கரும்துடுப்புச் சிறு சுறாக்களும் தெரியும். நல்ல கடல்தான். ராதாநகரைப் பார்த்த கண்ணுக்கு இரண்டாம் இடம்.

பார்க்க வேண்டியவை

அந்தமானில் செல்லுலார் ஜெயில் எனப்படும் சிற்றறைச் சிறை. 1906இல் கட்டி முடித்தது. நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களாக ஏழு கட்டடங்கள் பிரிந்தன, இன்று நிற்பவை மூன்று. கல்யாண நாளுக்கு வந்தவர்கள் சிறைச்சாலைக்குப் போவதா என்று எனக்குத் தயக்கம். ஓர் அறைக்குள் இருவரும் நின்றோம். எதிர்க் கட்டடத்தின் முதுகுதான் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காக. இருவரும் பேசாமல் வெளியே வந்தோம். அன்று பிற்பகலில் போன பழைய ராஸ் தீவில், ஆங்கிலேயர் கட்டிய தேவாலயத்தையும் கட்டடங்களையும் ஆலவேர்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. அந்த வேர்களைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு நாங்கள் போகவில்லை. சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் புகுந்து போகிறது. வண்டிகள் வரிசை கட்டி, நிற்காமல், படமெடுக்காமல் போக வேண்டும் என்பது விதி. விதி இருந்தும் அந்த வரிசையில் போகிறவர்களின் கண் எதைத் தேடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் விருந்தாளிகளில் சிலர், அறைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "தோடர்களை எங்கே பார்க்கலாம்?" என்பது. அவர்கள் குடியிருப்பான மந்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து கைபேசியை நீட்டுகிறவர்களை நாங்கள் திட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அங்கே போய் அதையே செய்ய மனம் வரவில்லை. குகை நன்றாக இருக்கும் என்றுதான் போனவர்கள் சொல்கிறார்கள்.

இலங்கையில் பார்ப்பதற்கு அந்தமானைவிட வகை அதிகம். காலிக் கோட்டையைப் போர்த்துகீசியர் 1588இல் தொடங்கினார்கள், டச்சுக்காரர்கள் பெரிதாக்கினார்கள். மதில்மேல் சுற்றி நடந்தால் ஒருபுறம் கடல், மறுபுறம் ஓட்டு வீடுகள். கொழும்பிலிருந்து அங்கே போகும் ரயில் கடலையொட்டியே ஓடுகிறது. சில இடங்களில் சன்னலில் நுரை தெறிக்குமோ என்று தோன்றும். எங்கள் மலை ரயில் பல்சக்கரத்தைக் கடித்துக் கடித்து ஏறும் வேகத்துக்குப் பழகியவனுக்கு இது பறப்பதுபோல. அதே தடத்தில் பெராலிய என்ற இடத்தில் 2004 சுனாமி ஒரு ரயிலையே அடித்துப் போனது. தனுஷ்கோடியில் புயல் ரயிலை விழுங்கியது 1964இல். நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டும் டிசம்பர் பிற்பகுதி. கடலைப் பார்த்து மயங்கும் மலைக்காரர்கள் இதையும் கொஞ்சம் நினைவில் வைத்திருப்பது நல்லது.

திருகோணமலையில் கோணேசுவரர் கோயில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை உச்சியில். சம்பந்தர் பாடிய தலம். ஆடி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், தேவாரம் கேட்டுக்கொண்டே கீழே நூறடி ஆழத்துக்கு மேல் கிடந்த நீலத்தைப் பார்த்தோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஏழு விதச் சூடு என்கிறார்கள். எனக்கு நான்கு விதம்தான் தெரிந்தது. சிகிரியா பாறைக்கோட்டையில் ஆயிரத்துச் சொச்சம் படிகள். மற்றவர்கள் மூச்சுவாங்கியபோது நாங்கள் காய்கறி வாங்கி வீட்டுக்கு ஏறுவதுபோல ஏறினோம். தொல்லியல் இடங்களில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் சார்க் நாட்டவருக்கான குறைந்த கட்டணம். கேட்காவிட்டால் கொடுக்க மாட்டார்கள்.

தொகுப்புச் சுற்றுலாவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கோவை முகவர் ஒருவர் எங்களுக்குப் போட்டுக் கொடுத்த ஐந்து இரவுத் திட்டத்தில் இரண்டு இரவு நுவரெலியா. நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். குன்னூர் சுமார் 1,850. கடல் கடந்து போய்ப் பதினெட்டு மீட்டர் ஏறிநின்று, ஏரியில் படகு விட்டு, தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து, சால்வை வாங்கிக்கொண்டு வருவதா? சமவெளிக்காரர்களுக்காகப் போட்ட திட்டம் அது. அப்படியே அடித்துவிட்டேன்.

அடித்தபிறகு மனைவி, "ஏங்க, தலவாக்கலைக்கு மட்டும் ஒரு நாள்" என்றாள்.

அவள் பாட்டி பிறந்தது அந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் அவர்களும் ஒருவர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கூடலூரில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். எங்கள் நீலகிரியில் இந்தக் கதை ஆயிரம் வீடுகளில் இருக்கிறது. தோட்டத்தின் பெயர் ஒன்றைத் தவிர அவளிடம் வேறெதுவும் இல்லை. ஆட்டோ நின்ற இடத்தில் லயத்து வீடுகள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன. பாட்டி சொன்ன லயமா என்று எப்படித் தெரியும்? கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களை வழக்கமான சுற்றுலாக்காரர்கள் என்று நினைத்துப் படத்துக்கு நிற்கத் தயாரானார்கள். மனைவி பக்கத்துச் செடியில் ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்து, "முற்றவிட்டுவிட்டீர்களே, இந்தச் சுற்று பிந்திவிட்டதா?" என்று கேட்டாள். ஒரு பெண் கூடையை இறக்கிவைத்து, "அக்கா எந்தத் தோட்டம்?" என்றாள். அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். கிலோவுக்கு என்ன கூலி, எத்தனை மணிக்குப் பிரட்டு எனும் காலை ஆள்கணக்கு, மழைக்கு என்ன போர்த்துகிறீர்கள் என்று இருபுறமும் கணக்குப் பார்த்தார்கள். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ வந்தது. அதன் மணம் எங்கள் வீட்டுத் தேநீரைவிட ஒரு படி மேல் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டோம், ஊருக்குத் திரும்பியபின் வெளியே சொல்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டோம்.

இது எல்லாத் தம்பதிகளுக்கும் பொருந்தும் காரணமல்ல. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்திருந்தால் பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் இலங்கை மலைநாட்டில் பெரும் மண்சரிவையும் உயிர்ச்சேதத்தையும் உண்டாக்கியது. மேலே போக நினைப்பவர்கள் சாலை, ரயில் நிலவரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சாப்பாடு

ஹேவ்லாக்கில் எங்கள் முதல் இரவுச் சாப்பாடு, விடுதியின் திட்டத்திலேயே சேர்ந்திருந்த மெழுகுவத்தி விருந்து. மணலில் மேசை, நான்கு மூங்கில், வெள்ளைத் துணி. மெழுகுவத்தியைக் காற்று அணைக்க அணைக்கப் பையன் ஓடிவந்து ஏற்றிக்கொண்டிருந்தான். பதினோராவது தடவை நானே அவனைப் போகச் சொன்னேன். கடல் இருபதடியில். தட்டில் பனீர் பட்டர் மசாலா. நானும் என் விருந்தாளிகளுக்குக் குன்னூரில் இதையே சமைத்துப் போடுகிறேன் என்பதால் திட்ட முடியவில்லை. கோபி மஞ்சூரியன் கேட்கிறவர்களிடம் அவரைக் குழம்பையும் களியையும் நான் எப்போது நீட்டியிருக்கிறேன்?

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனோம். ஹேவ்லாக், நீல் தீவுகளில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். சிறிய கடை ஒன்றில் சோறு, பருப்பு, கடுகு அரைத்த மீன்குழம்பு. கடுகின் காரம் நாக்கில் நிற்காமல் மூக்கின் உச்சிக்கு ஏறியது. அந்தமானில் சாப்பிட்டதில் நினைவில் நிற்பது அதுதான். மீனைப் பனிக்கட்டித் தட்டில் காட்டி எடை போட்டுச் சுட்டுத் தரும் கடைகளும் உண்டு. மீன் அருமை, மசாலா எல்லா மீனுக்கும் ஒன்றே. மீனைத் தவிர மற்ற பொருள்களில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது, விலையும் அப்படியே. ஸ்ரீ விஜயபுரத்தின் அபர்தீன் பஜாரில் தமிழ் மெஸ், தமிழ்ப் பேச்சு எல்லாம் தாராளம். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். மூன்றாம் நாள் தோசை கேட்கும் நாக்குக்குக் கவலையில்லை.

இலங்கைக்கு வந்தால், சாப்பாட்டுக்காகவே இன்னொரு முறை போவேன்.

திருகோணமலையில் நாங்கள் தங்கிய தெருமுனையில் மாலை ஆறுமணிக்கு ஓர் அம்மா அப்பக்கடை போடுவார். நான்கு அடுப்பு, நான்கு சின்ன இரும்புச் சட்டி. மாவை ஊற்றி, சட்டியை மணிக்கட்டால் ஒரு சுழற்று. ஓரம் காகிதம்போலப் பொரிந்து எழும்பும்போது நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, மிளகு தூவி மூடுவார். மூடியைத் திறக்கும் நேரம் அவர் கைக்கு மட்டும் தெரியும்: வெள்ளைக்கரு இறுகியிருக்கும், மஞ்சள் அசையும். பக்கத்தில் ஒரு கரண்டி கட்டைச் சம்பல். காய்ந்த மிளகாய், வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு, எலுமிச்சை. நானும் ஊட்டி, குன்னூர் முழுக்கச் சமையற்கட்டைப் பார்த்தவன். அந்த மணிக்கட்டுச் சுழற்சியைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு வந்து இருபது சட்டி மாவை வீணடித்திருக்கிறேன். இரண்டாம் நாள் "தம்பி, இன்னும் ஒன்று வைக்கட்டோ?" என்றார். நான்காம் நாள் கேட்காமலேயே வைத்தார்.

காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். மதியம் சோறும் நாலைந்து மரக்கறியும் மீன்கறியும். இரவு ஒன்பதுக்கு மேல் தெருவெல்லாம் கொத்துரொட்டித் தகட்டுச் சத்தம். கொழும்பு காலிமுகத் திடலில் சூரியன் மறையும் நேரத்தில் இறால் வடை. முழு இறால் வடையின் முதுகில் ஒட்டிக்கொண்டு நம்மையே பார்க்கும். பயணத்தில் ஒருநாள் கையை விட்டுச் செலவழிப்பது என்ற கணக்கில், கொழும்புக் கோட்டைப் பகுதியின் பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்திலுள்ள மினிஸ்ட்ரி ஆஃப் கிராப் உணவகத்துக்கு முன்பதிவு செய்து போனோம். கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காரவும் ஜயவர்தனவும் பங்குதாரர்கள். சேற்று நண்டை எடை வாரியாகத் தருகிறார்கள். மிளகு நண்டு சொன்னோம். கையெல்லாம் சாறு வழிய ஒரு மணி நேரம் உடைத்தோம், பேச்சே இல்லை. முடிந்ததும் மனைவி விரலைத் துடைத்துக்கொண்டு, "கூடலூர் வயல் நண்டு ரசத்துக்குப் பக்கத்தில் வரும்" என்றாள். அவள் அகராதியில் இது பெரிய பாராட்டு.

ரசீதைப் பார்த்து முதலில் மூச்சு நின்றது. பிறகுதான் அது இலங்கை ரூபாய் என்பது நினைவுக்கு வந்தது. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. ஆனாலும் சேவைக்கட்டணமும் வரியும் சேர்ந்து பட்டியல் விலைக்கு மேல் ஏறும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். மொத்தச் செலவில் இரண்டு பயணங்களுக்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் வரவில்லை. அந்தமானில் படகும் அறையும் தின்ற பணத்தை இலங்கையில் நாங்கள் தின்றோம்.

மாலை நேரங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, இருவர் மட்டும் போகும் பயணத்தில் இதுதான் முக்கியம். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரம். கடிகாரம் மட்டும் நம்முடையது. பிப்ரவரியில் குன்னூரில் ஆறரை வாக்கில் மறையும் சூரியன் ராதாநகரில் ஐந்தரைக்கே இறங்கிவிடுகிறது. காவலர் விசில் ஊதித் தண்ணீரிலிருந்து எல்லாரையும் வெளியேற்றுவார். ஆறுமணிக்குக் கும்மிருட்டு. சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால் மணி ஏழரை. எனக்கு அந்த நேரம் நகரவே இல்லை. கடைத்தெருவை இரண்டு முறை நடந்து முடித்தேன். மனைவி வராந்தா நாற்காலியில் காலை நீட்டி, ஒன்றுமே செய்யாமல் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீல் தீவில் இது இன்னும் அதிகம். காய்கறித் தோட்டங்களும் சைக்கிள் வாடகையும் தவிர ஒன்றும் கிடையாது. இரவு எட்டுக்கு மேல் நாய் குரைப்பதுகூட இல்லை. அங்கே இருந்த இரண்டு நாளில் அவள் முகம் பத்து வயது குறைந்துபோனது; நான் குழாய் ஏதும் ஒழுகுகிறதா என்று விடுதியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலங்கையில் மாலைகள் நீளம். கடை, கோயில், திடல், அப்பம், மறுபடி கடை.

ராமேசுவரம்

பக்கத்தில் இருப்பதாலேயே நாம் மதிக்காத தீவு இது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே மேலே ஏறுகிறது. அதற்காக மட்டுமே ஒரு முறை போகலாம். அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்துக் குடிசையில் பிடித்த மீனை மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்துத் தருகிறார்கள், மணலும் கொஞ்சம் சேர்ந்து வரும். ஊருக்குள் சைவச் சாப்பாடு, அதிகாலைத் தீர்த்தக் கூட்டம், ஈரத்துணி. இருவர் கைகோத்து நடக்கும் மாலைகளுக்கான ஊரல்ல. இரண்டு இரவு, குறைந்த செலவு, விடுப்பு கிடைக்காதவர்கள் என்றால் சரி. மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் என் மனைவி சன்னல் பக்கம் மாறி உட்காருவாள்.

இந்தத் தை கழிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. பிப்ரவரியில் காலிக் கடல் அமைதியாக இருக்கும், மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலம் பார்க்கலாம், கொழும்பில் இறால் வடை என்று நான் மூன்று காரணம் வைத்திருக்கிறேன். அவள் நீல் தீவு என்கிறாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், "ஒன்றும் இல்லை, அதற்குத்தான்" என்கிறாள். டிக்கெட் இன்னும் போடவில்லை. நேற்று சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போய்வந்தவள், படகில் எனக்கு ஆகும் என்று ஒரு பட்டை மாத்திரையை வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறாள்.